கயிறு தொய்வாக இருக்கட்டும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் இருவர் சேர்ந்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓர் உரைக்கு இரண்டு பேர் ஏன் மேடையேறினோம் என்று நீங்கள் யோசிக்கலாம். பேசச் சொல்லிக் கேட்ட விஷயம் அப்படி. நாங்கள் சேர்ந்து ஓடியதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சேர்ந்து ஓடியதை ஒருத்தி மட்டும் நின்று சொன்னால் அது பாதிக் கதையாகிவிடும். ஆகையால் யார் எந்த வரியைச் சொல்கிறாள் என்று பிரித்துப் பார்க்காமல், இதை எங்கள் இருவரது பேச்சாகவே கேளுங்கள்.

எங்களில் ஒருத்திக்குக் கண் தெரியாது. மற்றவளுக்குத் தெரியும். இருவரும் ஒரே வகுப்பு, பல வருடங்கள் ஒரே வாங்கு. உயர்தரம் முடிந்ததும் ஆளுக்கொரு பக்கமாகப் போய், வாழ்க்கையின் பாதியைக் கடந்த பிறகு மறுபடியும் கொட்டாஞ்சேனையிலேயே சந்தித்தோம். கொழும்பில் நடந்த அரை மரதன் ஒன்றை, அதாவது 21 கிலோமீற்றரும் இன்னும் நூறு மீற்றர் அளவும், மூன்று மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் ஓடி முடித்தோம். கிண்ணம் ஒன்றும் கிடைக்கவில்லை. எங்களுக்குப் பின்னால் வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

முதலில், கண் விஷயத்தைச் சொல்லிவிடுகிறோம். இங்கே இருக்கும் தாய்மாருக்கு அது பயன்படும். எங்களில் ஒருத்திக்கு வந்தது விழித்திரை நோய். ரெற்றினைற்றிஸ் பிக்மென்ரோசா என்று வைத்தியர்கள் சொல்வார்கள். விழித்திரையில் மங்கல் வெளிச்சத்தில் பார்க்க உதவும் கலங்கள் முதலில் சாகத் தொடங்கும். அதனால் பொழுதுபட்டதும் தடுமாற்றம் வரும். பிறகு பக்கப் பார்வை போகும். குழாய்க்குள்ளால் பார்ப்பதுபோல உலகம் சுருங்கும். கரும்பலகையில் எழுதியிருப்பது தெரியும். காலடியில் இருக்கும் புத்தகப்பை தெரியாது. பக்கத்தில் வந்து சிரித்த சிநேகிதியைத் தெரியாது. ‘தலைக்கனம் பிடித்தவள்’ என்று பெயர் வரும். இது பரம்பரையாக வரும் நோய். சொந்தத்துக்குள் கலியாணம் செய்யும் குடும்பங்களில் இதன் சில வகைகள் கூடுதலாக வருவதுண்டு. 2017 இல் அமெரிக்காவில் மரபணுச் சிகிச்சை ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் அது ஒரேயொரு மரபணுக் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும்தான். ஆகவே பிள்ளை மாலையானால் இடறுகிறது, கதிரையில் மோதுகிறது என்றால், ‘பராக்குப் பார்க்கிறாய்’ என்று ஏசுவதை விட்டுவிட்டுக் கண் வைத்தியரிடம் காட்டுங்கள்.

இந்த நாட்டில் இப்படி நாங்கள் ஒருத்தர் இருவர் இல்லை. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, ஏதோ ஒரு வகையில் உடற்சிரமம் உள்ளவர்கள் 16 இலட்சத்துக்கு மேல். அவர்களில் பெரும் பகுதியினர் பார்வைச் சிரமம் உள்ளவர்கள். அவ்வளவு பேர் எங்கே? வீதியில் எத்தனை பேரைக் காண்கிறீர்கள்? பெரும்பாலும் வீட்டுக்குள்தான் இருக்கிறார்கள். எங்களில் ஒருத்தியும் அப்படித்தான் பல வருடங்கள் இருந்தாள். வீட்டில் குறை ஒன்றும் இல்லை. சாப்பாடு, வானொலி, அன்பான மனிதர்கள் எல்லாம் இருந்தார்கள். ‘நீ இரு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்பார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் அந்த ‘நீ இரு’ என்ற சொல்லுக்குள் ஒருத்தியின் கால்கள் மெல்ல மெல்ல மெலிந்துபோகும். அத்தோடு சர்க்கரையும் கொலஸ்ட்ரோலும் வந்து சேரும். வைத்தியர் ‘நட’ என்றார். எங்கே நடப்பது, யாரோடு நடப்பது என்பதுதான் கேள்வி.

மற்றவளுக்குக் கண் தெரியும். ஆனால் அவளும் வீதியில் ஓடியவள் இல்லை. இதை இங்கே இருக்கும் எங்கள் வயதுக்காரர் விளங்கிக்கொள்வார்கள். நாங்கள் வளர்ந்த காலத்தில் கொட்டாஞ்சேனையில் ஒரு தமிழ்ப் பெண் விடியற்காலை இருட்டில் வீதியில் ஓடினால் என்ன நடந்திருக்கும்? சோதனைச்சாவடி, அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, எங்கே போகிறாய் ஏன் ஓடுகிறாய் என்ற கேள்விகள். 2007 ஜூனில் இந்த நகரத்து லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களை பஸ்களில் ஏற்றி அனுப்பியதையும், உயர் நீதிமன்றம் அதைத் தடுத்ததையும் நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 2008 ஏப்ரல் 6 ஆம் திகதி வெலிவேரியவில் புதுவருட மரதன் ஓட்டம் தொடங்கும் இடத்திலேயே குண்டு வெடித்தது. அமைச்சர் ஜெயராஜ் பெர்னாண்டோபுள்ளேயோடு, மரதன் ஓட்டவீரர் கே. ஏ. கருணாரத்னவும் மெய்வல்லுநர் பயிற்றுநர் லக்ஷ்மன் டி அல்விஸும் அங்கே இறந்தார்கள். 2019 உயிர்த்த ஞாயிறன்று நம் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் நடந்ததை நாங்கள் சொல்லத் தேவையில்லை. அந்த மணியோசையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இத்தனையும் நடந்த ஊரில், வீதி என்றால் அவசரமாகக் கடந்து வீட்டுக்குள் வந்துவிட வேண்டிய இடம் என்ற எண்ணம் கால்களுக்குள்ளேயே ஊறிவிட்டது. கண் தெரிந்தவளுக்கும் கூடத்தான்.

பெண்ணுக்கு நீண்ட தூரம் ஆகாது என்ற எண்ணமும் உலகம் முழுக்க இருந்ததுதான். 1967 இல் பொஸ்ரன் மரதனில் கத்ரின் சுவிற்சர் என்ற பெண் இலக்கத் தகட்டோடு ஓடியபோது, அதிகாரி ஒருவர் நடு வீதியில் அவரைப் பிடித்து இழுக்கப் பார்த்தார். அன்று அவர் தனியாக ஓடவில்லை. அவரைப் பழக்கிய ஐம்பது வயதுத் தபால்காரர் ஆர்னி பிரிக்ஸ் பக்கத்திலேயே ஓடினார். அதற்குப் பிறகும் ஒலிம்பிக் அசையவில்லை. 1980 மொஸ்கோவில் பெண்களுக்கு வைத்த மிக நீண்ட ஓட்டம் 1500 மீற்றர். பெண்களுக்கான மரதன் வந்தது 1984 இல்தான். அப்படியிருக்க, நம் இல்ல விளையாட்டுப் போட்டியில் தேசிக்காய் ஓட்டமும் 100 மீற்றரும் போதும் என்று இருந்ததில் ஆச்சரியமில்லை.

அந்த இல்ல விளையாட்டுப் போட்டியில் இன்னொன்றும் இருந்தது. மூன்று கால் ஓட்டம். இருவரின் உள்பக்கக் கால்களைப் பட்டியால் கட்டிவிடுவார்கள். வேகமாக ஓடத் தெரிந்தவள், பக்கத்தில் இருப்பவளைக் கவனிக்காமல் பாய்ந்தால் இருவரும் புழுதியில் விழுவார்கள். எந்தச் சோடி வெல்லும் என்று ஞாபகம் இருக்கிறதா? வேகமான பிள்ளைகளின் சோடி அல்ல. அடிக்கு அடி எண்ணிக்கொண்டு வந்த சோடி. நாங்கள் இப்போது ஓடும் ஓட்டமும் ஏறக்குறைய அதுதான். அதில் உள்பக்கக் கால்களைக் கட்டினார்கள். இதில் உள்பக்கக் கைகள். நடுவில் ஒரு முழத்துக்கும் குறைவான பருத்திக் கயிறு. இரண்டு முனையிலும் ஒவ்வொரு வளையம். ஒருத்தியின் வலக்கையும் மற்றவளின் இடக்கையும் ஒன்றாக முன்னே போய் ஒன்றாகப் பின்னே வரவேண்டும். கைகள் சேர்ந்தால் கால்கள் தாமாகவே சேரும்.

பராலிம்பிக்கில் இதற்கென்று விதிகள் இருக்கின்றன. பார்வை முற்றாகவோ ஏறக்குறைய முற்றாகவோ இல்லாதவர்கள் ரி11 பிரிவு. அவர்கள் கண்ணை மறைத்துக்கொண்டு, வழிகாட்டியோடுதான் ஓடவேண்டும். ஓரளவு தெரிபவர்கள் ரி12. வழிகாட்டி வேண்டுமா இல்லையா என்று அவர்களே தீர்மானிக்கலாம். வழிகாட்டி இழுக்கக்கூடாது. தள்ளக்கூடாது. முடிவுக்கோட்டை ஓட்டக்காரர்தான் முதலில் தாண்டவேண்டும். வழிகாட்டி முந்தினால் ஓட்டமே செல்லாது. நீண்ட தூரத்தில் வழிகாட்டியை இடையில் மாற்றிக்கொள்ளவும் இடமுண்டு. இந்தக் கடைசி விதியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு வருகிறோம்.

இழுக்கக்கூடாது என்ற விதியை நாங்கள் படித்தது பிற்பாடுதான். அதற்கு முன்பே கயிறு எங்களுக்கு அதைச் சொல்லித் தந்துவிட்டது. கயிறு இறுகியிருந்தால் யாரோ யாரையோ இழுக்கிறார்கள் என்று அர்த்தம். இழுபடுகிறவளுக்குத் தன் கால் எங்கே விழுகிறது என்ற நிதானம் போய்விடும். இழுக்கிறவளுக்குத் தோள் நோகும். கயிறு தொய்வாக இருக்கும்போதுதான் இருவரும் தத்தம் காலில் ஓடுகிறார்கள். கயிற்றின் வேலை ஆளைக் கொண்டுபோவது அல்ல. ‘நான் இங்கே இருக்கிறேன், இந்தப் பக்கம் திரும்புகிறேன்’ என்று சொல்வது மட்டும்தான்.

இப்போது எங்கள் பயிற்சியைப் பற்றிக் கொஞ்சம். காலை நாலே முக்காலுக்குப் புறப்படுவோம். பிந்தினால் லொறிகளும் ஓட்டோக்களும் வந்துவிடும். முதல் மூன்று மாதம் நடை மட்டும்தான். பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. பிறகு மெல்ல மெல்லக் கூட்டினோம். லூசியாஸ் பேராலயத்தடியிலிருந்து ஜம்பட்டா வீதிப் பக்கமாக இறங்கி, கொச்சிக்கடை, பொன்னம்பலவாணேசர் கோயிலடி, செட்டியார் தெரு, கோட்டை என்று காலிமுகத்திடலுக்குப் போய்ச் சேர நாலு, ஐந்து கிலோமீற்றர். அங்கே ஒன்றிரண்டு சுற்றுச் சுற்றித் திரும்பிவந்தால் காலை உணவுக்கு முன்பே பத்துக் கிலோமீற்றருக்கு மேலாகிவிடும்.

காலிமுகத்திடல் நடைபாதையில் ஒரு பழைய கல் இருக்கிறது. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1856 இல் தொடங்கி 1859 இல் முடித்த நடைபாதை அது. கொழும்பின் பெண்கள், பிள்ளைகளின் நலனுக்காக இதைப் பேணவேண்டும் என்று தனக்குப் பின் வருபவர்களிடம் கேட்டு அந்தக் கல்லில் பொறித்துவைத்தார். அவர் மனதில் இருந்த சீமாட்டிகளில் நாங்கள் நிச்சயமாக இல்லை. ஆனாலும் கல்லில் பெண்கள் என்றுதானே இருக்கிறது! அந்தக் கல்லைத் தாண்டும்போதெல்லாம் ‘எங்கள் உறுதிக் காணி’ என்று சொல்லிச் சிரிப்போம்.

கண் தெரியாதவளுக்குக் கொட்டாஞ்சேனை இருட்டாக இல்லை என்பதையும் சொல்லவேண்டும். பாண் வேகும் வாசம் வந்தால் எந்த முடக்கு என்று அவளுக்குத் தெரியும். பள்ளிவாசல் பாங்கும் கோயில் மணியும் பேராலய மணியும் எந்தப் பக்கத்திலிருந்து எந்த ஒழுங்கில் வரும் என்பது தெரியும். துறைமுகக் கப்பல் ஊதினால் கடல் எந்தப் பக்கம் என்று தெரியும். செட்டியார் தெருவில் பூவும் சாம்பிராணியும் மணக்கும். புறக்கோட்டைப் பக்கம் வெங்காயமும் கருவாடும் மணக்கும். அங்கே நாட்டாமிகளின் வண்டிச் சில்லுச் சத்தம் வேறு. ஒருநாள் மழை மூடி ஒன்றும் தெரியாமல் பார்க்கிறவள் திகைத்து நின்றபோது, ‘இன்னும் இருபது அடியில் இடப்பக்கம் ஒழுங்கை’ என்று சரியாகச் சொன்னவள் பார்க்காதவள்தான்.

ஆனால் மணமும் ஓசையும் சொல்லாத விஷயங்கள் இருக்கின்றன. மூடியில்லாத வடிகான். நடைபாதையில் ஏற்றி நிறுத்திய வான். தூங்கும் நாய். தலை உயரத்தில் தொங்கும் கேபிள். இவற்றைச் சொல்வதற்கு எங்களுக்குள் சொற்களை வைத்துக்கொண்டோம். ‘இடம்’, ‘வலம்’, ‘மேடு’, ‘பள்ளம்’, ‘ஈரம்’, ‘நெருக்கம்’, ‘தலை’. எல்லாமே குறுகிய சொற்கள். ஒரு சொல் மட்டும் எங்களிடம் தடை. ‘கவனம்!’ என்ற சொல். ஓடிக்கொண்டிருப்பவளிடம் ‘கவனம்’ என்று கத்தினால் அவள் உடம்பு விறைக்கும். ஆனால் எதைக் கவனிப்பது, எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று ஒன்றும் விளங்காது. பயத்தை மட்டும் கொடுத்துத் தகவலைக் கொடுக்காத சொல் அது. யோசித்துப் பாருங்கள், நம் பெண்பிள்ளைகளுக்கு நாம் நாளாந்தம் கூடுதலாகச் சொல்லும் சொல்லும் அதுதான்.

இன்னொன்றையும் பழகினோம். வழிகாட்டுபவள் தனக்காக மட்டும் ஓடப் பழகினால் போதாது. ஓடிக்கொண்டே மூன்று மணித்தியாலம் பேசவும் வேண்டும். மூச்சு வாங்கினால் சொல் பிந்தும். சொல் பிந்தினால் கால் பள்ளத்தில் இறங்கும். ஆகவே அவள் வாரத்தில் இரண்டு நாள் தனியாகவும் ஓடினாள். கூட வருபவளுக்கு உதவி செய்வதாகச் சொல்லிக்கொண்டு புறப்பட்டவள், தன் இரத்த அழுத்தம் குறைந்து, வருடக்கணக்கில் இல்லாத நித்திரை திரும்பி வந்ததைக் கண்டாள். இந்தக் கணக்கில் யார் யாருக்குக் கடன் என்று நாங்கள் எழுதி வைக்கவில்லை.

வீதியில் மனிதர்கள் நல்லவர்கள்தான். ஆனால் பெரும்பாலோர் பார்க்கிறவளிடம்தான் பேசுவார்கள். ‘அவவுக்குத் தண்ணீர் வேணுமோ?’ ‘அவவுக்குக் களைக்கேல்லையோ?’ அவ பக்கத்திலேயே நிற்கிறா. காது நன்றாகக் கேட்கும். ‘அவவிடமே கேளுங்கோ’ என்று சொல்லிச் சொல்லி எங்கள் ஒழுங்கைக்காரர் பழகிவிட்டார்கள். இப்போது தேத்தண்ணிக் கடை ஐயா அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். எங்களுக்கு அது பதக்கத்தைவிடப் பெரிது.

போட்டி நாளைப் பற்றிச் சொல்கிறோம். நம் நகரில் கொழும்பு மரதன் உட்பட வீதி ஓட்டங்கள் நடக்கின்றன; உள்ளூர்க்காரரும் வெளிநாட்டவரும் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். நாங்கள் ஓடிய நாளில் வேண்டுமென்றே கூட்டத்தின் கடைசியில் நின்றோம். தொடக்கத்தில்தான் தள்ளுமுள்ளு. பலர் கயிற்றைக் கவனிக்காமல் எங்கள் நடுவால் புகுந்து போகப் பார்ப்பார்கள். சட்டையின் முன்னும் பின்னும் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தும் ஒருவர் வந்து கயிற்றில் மாட்டினார். மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓடினார். தண்ணீர் கொடுக்கும் இடங்களில் தரை வழுக்கும், காலுக்குள் கோப்பைகள் சிக்கும். அங்கே நடந்துதான் போனோம். ஏழரை மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிட்டது. கொழும்பு வெயில் உங்களுக்குத் தெரியும். சுடுவதைவிடப் புழுக்கம்தான் ஆளை வீழ்த்தும்.

பதினாறாவது கிலோமீற்றரில் பார்க்கிறவளுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கயிறு இறுகியதும் மற்றவள் விளங்கிக்கொண்டு நின்றுவிட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. குந்தியிருந்து, தடவிப் பார்த்து, பிடித்த இடத்தைக் கண்டுபிடித்து அழுத்தினாள். வெளிச்சம் இல்லாத கண்ணுக்கு விரல்தானே கண்? ‘நீ போ, நான் யாரையாவது உன்னோடு அனுப்புகிறேன்’ என்று ஒருத்தி சொன்னாள். ‘நீயில்லாமல் முடித்து நான் என்ன செய்ய? நட’ என்றாள் மற்றவள். நடந்தோம். பிறகு மெல்ல ஓடினோம். கடைசி ஐந்து கிலோமீற்றரிலும் வேகத்தைத் தீர்மானித்தவள் கண் தெரியாதவள்தான்.

இப்படி நடப்பது புதுமையல்ல என்று பின்னர் அறிந்தோம். 2000 ஆம் ஆண்டு சிட்னி பராலிம்பிக்கில் கென்யாவின் ஹென்றி வன்யொய்க்கே 5000 மீற்றர் ஓடினார். ஓர் இரவு படுத்து விடிந்தபோது பார்வையை இழந்திருந்த இளைஞர் அவர். மற்றவர்களை எல்லாம் பின்னே விட்டு ஓடிக்கொண்டிருக்கையில், மலேரியாக் காய்ச்சலில் இருந்த வழிகாட்டி ஜோன் கிபெற் முடிவுக்கோட்டுக்கு அருகே தளர்ந்துபோனார். வன்யொய்க்கே அவரைத் தாங்கி இழுத்துக்கொண்டுபோய் ஓட்டத்தை முடித்தார். தங்கம் கிடைத்தது.

2024 செப்ரெம்பர் 8, பரிஸ் பராலிம்பிக். பெண்கள் ரி12 மரதனில் ஸ்பெயினின் எலேனா கொங்கொஸ்ற் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தார். கோட்டுக்குச் சில மீற்றர் இருக்கையில் வழிகாட்டிக்குத் தசை பிடித்துத் தடுமாறினார். அவர் விழாமல் பிடிக்க எலேனா ஒரு கணம் கயிற்றை விட்டார். உடனே மீண்டும் பற்றிக்கொண்டு கோட்டைத் தாண்டினார். பின்னால் வந்தவர் நிமிடக்கணக்கில் பின்னால் இருந்தார். ஆனாலும் கயிறு கைவிட்டது விதிமீறல் என்று பதக்கத்தை மறுத்தார்கள். வெண்கலம் ஜப்பான்காரருக்குப் போனது.

விதி சரியா பிழையா என்று எங்கள் இருவருக்குள்ளேயே வாதம் உண்டு. ஒருத்தி, விதி என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான், இல்லாவிட்டால் அதைப் பாவித்து ஏமாற்றுவார்கள் என்கிறாள். மற்றவள், விழுகிறவரைப் பிடிக்கும் கையைத் தண்டிக்கும் விதி விதியே அல்ல என்கிறாள். ஆனால் ஒரு விஷயத்தில் இருவரும் ஒன்று. எலேனாவும் வன்யொய்க்கேயும் செய்தது உலகம் மறந்துபோகும் ஓர் உண்மையைக் காட்டியது. வழிகாட்டியும் விழுவார். கண் தெரியாதவர் எப்போதும் உதவி வாங்கும் பக்கத்திலேயே நிற்பவர் அல்ல. தாங்கவும் தெரிந்தவர்.

இனி, நாங்கள் இங்கே வந்த காரணம்.

எங்களில் பார்க்கிறவளின் பிள்ளைகள் கனடாவில் இருக்கிறார்கள். பேரப்பிள்ளையும் வந்துவிட்டது. ‘அம்மா வாங்கோ’ என்கிறார்கள். அடுத்த வருடம் அவள் போகக்கூடும். போனால் எவ்வளவு காலம் என்று சொல்லமுடியாது. இந்த மண்டபத்தில் இருக்கும் பலர் எந்த விமானத்தில் ஏறிப் போனீர்களோ அதே விமானம்தான். போவதில் பிழை இல்லை. ஆனால் அவள் போனால் கயிற்றின் மற்ற முனையை யார் பிடிப்பது? மறுபடியும் அந்த ‘நீ இரு’ என்ற கதிரைக்குத்தான் திரும்புவதா? இந்தக் கேள்வியை எங்களுக்குள் பேசவே ஆறு மாதம் பிடித்தது. பேசாமல் ஓடிய காலைகளில் கயிறு இறுகியே இருந்தது.

பேசியபோதுதான் ஒன்று தெளிந்தது. ஒரு கயிறு ஒருத்தியையே நம்பியிருக்கக்கூடாது. பராலிம்பிக் விதியே வழிகாட்டியை மாற்றிக்கொள்ள இடம் தருகிறது என்று முன்பு சொன்னோம் அல்லவா? கூட ஓடுவது சிநேகிதத்தில் தொடங்கலாம். ஆனால் அது சிநேகிதத்தில் மட்டும் தங்கிவிட்டால், சிநேகிதி போகும் நாளில் ஓட்டமும் போய்விடும். ஐந்து பேர், பத்துப் பேர் அந்த முனையைப் பிடிக்கப் பழகியிருக்கவேண்டும். அந்தச் சொற்கள் ஏழையும் அவர்கள் படித்திருக்கவேண்டும். இந்தச் சில மாதங்களில் பள்ளித் தங்கைமார் இருவருக்குப் பழக்கியிருக்கிறோம். ஒருத்தி கொட்டாஞ்சேனை, மற்றவள் வெள்ளவத்தை. முதல் நாள் இருவரும் இழு இழு என்று இழுத்தார்கள். மூன்றாம் கிழமை கயிறு தொய்ந்தது.

நம் சங்கம் இந்த நூறு வருடத்தில் நிறையக் கொடுத்திருக்கிறது. கட்டடம், நூலகம், புலமைப்பரிசில். வெளிநாட்டிலிருந்து வந்த காசு எத்தனையோ பிள்ளைகளின் படிப்பைக் காத்தது. அதை நாங்கள் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் காசால் வாங்கமுடியாத ஓர் உதவியும் இருக்கிறது. அது காலை ஐந்து மணி. ஒருத்தியின் பக்கத்தில், அவளது வேகத்தில், அவளை இழுக்காமல், அவளுக்காகப் பேசாமல், ஒரு மணித்தியாலம் இருப்பது. நம்மில் பலருக்கு உதவி செய்யத் தெரியும்; பக்கத்தில் இருக்கத் தெரியாது. உதவியை அனுப்பிவிட்டுப் போய்விடலாம். பக்கத்தில் இருப்பதென்றால் நேரில் வரவேண்டும்.

இது கொழும்புக்காரருக்கு மட்டும் சொல்வதல்ல. லண்டனில் 2004 இல் புஷி பார்க்கில் தொடங்கிய பார்க்ரன் இன்று பல நாடுகளில் சனிக்கிழமைதோறும் நடக்கிறது. ஐந்து கிலோமீற்றர், காசு இல்லை, நடந்தும் முடிக்கலாம், வழிகாட்டியோடும் வரலாம். நியூயோர்க்கில் 1983 இல் தொடங்கிய அக்கிலீஸ் என்ற அமைப்பு, உடற்சிரமம் உள்ள ஓட்டக்காரருக்குத் துணை சேர்த்துவிடுகிறது. இந்தியாவில் ரக்ஷிதா ராஜு என்ற கண் தெரியாத பெண் ஆசிய பரா விளையாட்டில் 1500 மீற்றரில் தங்கம் வென்று, 2024 இல் பரிஸ் பராலிம்பிக் வரை போனார். அவருக்கும் கயிற்றின் மறுமுனையில் ஓர் ஆள் தேவைப்பட்டது. நீங்கள் இருக்கும் ஊரிலும் யாரோ ஒருத்தி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் இருக்கிறாள். அவள் தமிழாக இருக்கவேண்டும் என்றில்லை, நம் பள்ளியாக இருக்கவேண்டும் என்றில்லை. போய்க் கேளுங்கள். அவளிடமே கேளுங்கள்.

தாய்மாருக்கும் அக்காமாருக்கும் இன்னொரு வேண்டுகோள். வீட்டில் கண்ணோ காலோ காதோ சிரமமான பிள்ளை இருந்தால், ‘நீ இரு’ என்று சொல்லாதீர்கள். ‘வா’ என்று சொல்லுங்கள். விழுந்தால் முழங்கால் உரசும். எங்கள் இருவரின் முழங்காலிலும் தழும்பு இருக்கிறது. சாறியை உயர்த்திக் காட்ட இது மேடையாகப் போய்விட்டது.

இன்றைய மாணவிகளே, உங்களுக்கு முன்னால் நூறு மீற்றரும் இருக்கிறது, நாற்பத்திரண்டு கிலோமீற்றரும் இருக்கிறது. எது வேண்டுமோ ஓடுங்கள். வேகமாக ஓடுகிறவள் வேகமாகவே ஓடட்டும், அதில் குறையில்லை. ஆனால் வாழ்நாளில் ஒரு தடவையாவது இன்னொருத்தியின் வேகத்தில் ஓடிப் பாருங்கள். உங்களை விட்டால் வேறு ஆளில்லை என்ற பெருமைக்காக ஓடவேண்டாம். உங்களுக்குப் பிறகும் அந்த முனையைப் பிடிக்க ஆள் இருக்கும்படி பழக்கிவிட்டுப் போங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஐந்து மணிக்கு லூசியாஸ் பேராலயத்தின் முன்னால் நிற்போம். சப்பாத்து மட்டும் போட்டுக்கொண்டு வாருங்கள். கயிறு எங்களிடம் மேலதிகமாக ஆறு இருக்கிறது. கண் தெரியாதவர்களும் வரலாம், தெரிந்தவர்களும் வரலாம். ஊருக்கு விடுமுறையில் வந்தவர்கள் ஒருநாள் வந்தாலும் போதும். ஒரு கிலோமீற்றர் நடந்தாலும் போதும்.